மெயில்வாகனா, பாரம் தாங்கலையே!

“தம்பி... என் வீட்டை எங்கே தொலைச்சீங்க?”

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். ஹலோவும் இல்லை, சௌக்கியமாவும் இல்லை. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால். புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரிகிற ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் ஆபீஸ். அப்போதுதான் டீ வந்திருந்தது, கூடவே சமோசா. வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போன சமோசாவை அப்படியே தட்டில் வைத்தேன்.

பேசியவர் ஃப்ரான்ஸில் இருக்கும் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். ‘சொல்தா’ என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். வெளியூர் வாசகர்களுக்காக: ஃப்ரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். ஈஸ்வரன் கோயில் பக்கம் இவருக்குப் பாட்டன் காலத்து வீடு ஒன்று. தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பொது. மற்ற இரண்டு பேருக்கும் அதை விற்றுவிட ஆசை. வாங்க வருகிறவர் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார். இவருக்கு மட்டும் மனசு வரவில்லை. வைசியாள் வீதியில் பழைய வீடுகளை அழகாகப் பழுது பார்த்திருப்பதை லீவில் வந்தபோது பார்த்துவிட்டு, “அந்த மாதிரி நம்ம வீட்டையும் பண்ண முடியுமா? எவ்வளவு ஆகும்?” என்று எங்களிடம் பிளானும் எஸ்டிமேட்டும் கேட்டிருந்தார்.

“மூணு வாரமாச்சு. ஒரு கடுதாசி உண்டா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் தம்பிங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரானுங்க. எங்கிட்டே காட்டறதுக்குப் பேப்பர் இல்லேன்னா, அவனுங்க கொண்டார பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டியதுதான்!”

“ஐயா, அனுப்பிட்டோமே!”

“எங்கே? சமுத்திரத்துலயா?”

என் விசிட்டிங் கார்டில் ‘மானேஜர்’ என்று போட்டிருக்கும். கரண்ட் பில் கட்டுவதிலிருந்து பிரிண்டருக்கு மை ஊற்றுவது வரை சகலமும் அந்தப் பதவிக்குள் அடக்கம். டிராயிங் போடும் பையனைக் கூப்பிட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. நெல்லித்தோப்புப் பிள்ளை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

“டெலிவரி ஆயிடுச்சு அண்ணே. ரிப்போர்ட்டே வந்துச்சே!” என்று பெருமையாகத் திறந்து காட்டினான்.

ரிப்போர்ட் வந்திருந்தது உண்மை. ஒன்றல்ல, மூன்று. ‘டெலிவரி ஸ்டேட்டஸ் நோட்டிஃபிகேஷன்’ என்று தலைப்பு. அதே வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குள், ‘ஃபெயிலியர்’ என்று இருந்தது. பையன் முதல் வார்த்தையோடு திருப்தி அடைந்துவிட்டான். காதல் கடிதத்துக்குப் பதில் வந்ததும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் இல்லையா, அந்த ரகம்.

சத்தம் கேட்டு உள் ரூமிலிருந்து எங்கள் ஆர்க்கிடெக்ட் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். “திங்கக்கிழமையிலேருந்து இவனை வர வேணாம்னு சொல்லிடுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். பையன் முகத்தில் ரத்தம் இல்லை.

வேலை, வீடு இரண்டும் தொங்கலில். ஆளுக்கு ஒரு மூலையில் நிற்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று, திரும்பி வந்த அந்த மூன்று மெயில்களையும் ஆற அமர உட்கார்ந்து படித்தேன். நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? ‘மெயிலர் டீமன்’ என்று ஒரு ஆசாமி அனுப்பியிருப்பான். பேரைப் பார்த்தாலே பேய் பிசாசு மாதிரி இருக்கிறதே என்று மூடிவிடுகிறோம். நிஜமாகவே பூதம்தான். மாக்ஸ்வெல் என்ற இயற்பியல் மேதை கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் பூதத்தின் ஞாபகமாக, 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர். நல்ல பூதம். பொய் சொல்லாது. எல்லாவற்றையும் நம்பரில் சொல்லும், அவ்வளவுதான்.

நம்பர் 4-ல் ஆரம்பித்தால் தாற்காலிகக் கோளாறு, பூதமே கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்யும். 5-ல் ஆரம்பித்தால் கதை முடிந்தது, நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதிலேயே 5.3.4 என்று இருந்தால் ‘உன் மூட்டை பெரிசு, எங்கள் வாசலில் நுழையாது’ என்று அர்த்தம். 5.2.2 என்றால் ‘மூட்டை சின்னதுதான், ஆனால் வாங்குகிறவர் வீட்டில் வைக்க இடமில்லை’.

எங்களுக்கு இரண்டு வியாதியும் வந்திருந்தது. முதலில் பிளான் அனுப்பியது 5.3.4. அடுத்த வாரம் சார் திருத்தச் சொல்லி அனுப்பிய எஸ்டிமேட், அரை எம்.பி. கூட இல்லை, அது 5.2.2. அதற்கடுத்ததும் அதே.

“அண்ணே, அவங்க பக்கம் லிமிட் 20 எம்.பி.ன்னு போட்டிருக்கு. நம்ம ஃபைல் 16 தானே? அப்புறம் ஏன் திருப்பி அனுப்பறான்?” என்றான் பையன்.

நியாயமான கேள்வி. உங்களில் பாதிப் பேர் ஆபீஸில் இதே கேள்வியைக் கேட்டுத் தலையைச் சொறிந்திருப்பீர்கள். பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க் வழியாகக் கடிதம் அனுப்பிப் பார்த்தார். பெயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் @ போட்டதும் அவர்தான். அப்போது கடிதம் என்றால் வெறும் ஆங்கில எழுத்து. படம், பாட்டு, எக்செல் ஷீட் எதையும் யாரும் நினைக்கவில்லை. அதனால் மெயில் போகிற பாதை முழுக்க ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த தபால்காரர்கள். இருபது வருஷம் கழித்து நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்று இரண்டு பேர் அந்தத் தபால்காரர்களை ஏமாற்ற வழி கண்டுபிடித்தார்கள். எந்த ஃபைலாக இருந்தாலும் அதை எழுத்துக்களாக மாற்றி வேஷம் போட்டு அனுப்பு, அந்தப் பக்கம் போனதும் வேஷத்தைக் கலைத்துக்கொள். 1992 மார்ச் 11-ம் தேதி போரன்ஸ்டீன் அப்படி அனுப்பிய முதல் அட்டாச்மென்டில் ஒரு போட்டோவும் ஒரு பாட்டும் இருந்தன. அவரும் மூன்று சகாக்களும் சேர்ந்து பாடிய பாட்டு! மெயிலில் போட்டோ எதற்கு என்று கேட்டவர்களிடம், என்றைக்காவது பேரக்குழந்தை பிறந்தால் படம் மெயிலில் வர வேண்டும் என்பாராம். பிற்பாடு வந்ததாம்.

வேஷத்துக்குக் கூலி உண்டு. மூன்று பைட் தகவலை எழுத்தாக மாற்றினால் நான்கு எழுத்து. மூணு பேர் போகிற பஸ்ஸில் நாலு டிக்கெட் எடுக்கிற கதை. வரிகளை முடித்து முடித்து எழுதுகிற செலவையும் சேர்த்தால் ஏறக்குறைய 37 சதவிகிதம் வீங்கிவிடும். எங்கள் 16 எம்.பி. பாதையில் போகும்போது 22 எம்.பி. வாசலில் ‘20 வரைதான்’ என்று போர்டு. பூதம் சரியாகத்தான் கணக்குப் பார்த்திருக்கிறது. ஆகவே, ஆபீஸில் லிமிட் 20 என்றால் உங்கள் கணக்கில் 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 என்றால் 18.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சார் குரல் கொடுத்தார். “ஜிப் பண்ணி அனுப்புங்கப்பா!”

பண்ணினோம். 16 எம்.பி. 15.8 ஆனது. பையன் மறுபடி ஜிப் பண்ணினான். 15.8-தான். அரைச்ச மாவையே அரைத்தால் மாவு குறையுமா? உள்ளே இருந்ததெல்லாம் ஜே.பி.ஈ.ஜி. படங்கள். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

இந்த இடத்தில் ஒரு உபகதை. கூட்டல் கழித்தல் என்றாலே ஓடுகிறவர்கள் கூட இதைப் படிக்கலாம். படத்தைச் சுருக்குகிற அந்த வித்தையின் உயிர்நாடியான கணக்கைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் இதற்காக அமெரிக்க அரசின் அறிவியல் அமைப்பிடம் பணம் கேட்டு எழுதியபோது, ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். மனிதர் விடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கி எறிந்தால் என்ன நஷ்டம் என்பதுதான் தத்துவம். இன்றைக்கு நீங்கள் காதலிக்கு அனுப்பும் செல்ஃபி இரண்டு மூன்று எம்.பி.யில் அடங்குகிறது என்றால் அந்த மூன்று பேருக்கும் ஒரு கும்பிடு போடுங்கள்.

சரி, எங்கள் ஃபைல் ஏன் 16 ஆனது? கோடு போட்ட பிளான் அரை எம்.பி. தான். மிச்சமெல்லாம் நம் பையனின் கைவண்ணம். வீட்டை போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றும் மூணு எம்.பி., அப்படியே உள்ளே ஒட்டியிருந்தான். பழைய பத்திரத்தின் ஜெராக்ஸை வேறு கலரில், 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் பண்ணிச் சேர்த்திருந்தான். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸுக்குக் கலர் ஸ்கேன்!

“நல்லா தெளிவா இருக்கட்டும்னுதான் அண்ணே...”

ஸ்கேனர் இருக்கிற எல்லா ஆபீஸிலும் நடக்கிற தப்பு இது. ஒரு ஏ4 காகிதத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 87 லட்சம் புள்ளி. கலர் என்றால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். சுருக்குவதற்கு முன் 26 எம்.பி. அதையே 600-ல் வைத்தால் இரண்டு மடங்கு என்று நினைப்பீர்கள். இல்லை, நீளத்திலும் இரண்டு, அகலத்திலும் இரண்டு. நான்கு மடங்கு, 104 எம்.பி.! அதே காகிதத்தை 300-ல் வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் ஒரு எம்.பி. சுருக்கினால் அது ஒரு சின்ன போட்டோ அளவு கூட இராது. எழுத்துத்தானே? 200 டி.பி.ஐ. கறுப்பு வெள்ளையே போதும். ஆடிட்டர் உங்கள் இன்வாய்ஸைக் கலரில் பார்த்து ரசிக்கப் போவதில்லை.

போட்டோக்களைக் குறைத்து, பத்திரத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பி.டி.எஃப்.பை மறுபடி செய்தோம். 3.4 எம்.பி. பையன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

இப்போது இரண்டாவது வியாதி. பெரியவரின் பெட்டி.

வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியதுதானே என்கிறீர்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். லிங்க் அனுப்பலாமா என்று கேட்டேன். “பேரன் சொல்லியிருக்கான் தம்பி. லிங்க்கைத் தொட்டா பேங்க்ல இருக்கிறது போயிடுமாம்” என்றார். பேரன் கெட்டிக்காரன். அவன் இருப்பதோ வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமைதான் வருவானாம். பெரியவருக்குச் சனிக்கிழமையே பிரிண்ட் எடுத்துவைக்க வேண்டும், தம்பிகள் காகிதத்தைத்தான் நம்புவார்கள்.

“ஐயா, கம்ப்யூட்டர் முன்னாலே உக்காருங்க. பெட்டியிலே கொஞ்சம் இடம் பண்ணணும்.”

“எந்தப் பெட்டி?”

அவருடைய கம்ப்யூட்டரில் எல்லாம் ஃப்ரெஞ்சில். எனக்குத் தெரிந்த ஃப்ரெஞ்ச், ப்ளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்துப் படித்தது. மார்க் வந்தது, மொழி வரவில்லை. புதுச்சேரியில் என் செட்டில் பாதிப் பேர் இப்படித்தான். இருந்தாலும் தைரியமாக, “ஐயா, இடது பக்கம் ‘கொர்பேய்’னு இருக்கா? அதைக் காலி பண்ணணும்” என்றேன்.

“கொர்பேய்னா கூடை தம்பி. எங்க வீட்டுல கூடையே கிடையாதே. எந்தக் கூடையைக் காலி பண்றது?”

குப்பைக் கூடை என்று விளக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்கு முன்னால் இன்னொரு தப்பு செய்தேன். அளவு வாரியாக அடுக்கச் சொல்லி, பெரிய மெயில்களை முதலில் அழித்துவிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஐயா? லைன்ல இருக்கீங்களா?”

“இதெல்லாம் தங்கச்சி அனுப்பினது தம்பி.”

அவருடைய தங்கை அந்த வீட்டிலேயே இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலமாகி ஆறு வருஷம். கடைசி ஒரு வருஷத்தில் வீட்டிலிருந்த பழைய போட்டோ, அப்பா எழுதிய கடிதம் எல்லாவற்றையும் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஸ்கேன் செய்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். நாற்பது மெயில். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு எம்.பி. பெட்டியின் மொத்தக் கொள்ளளவே ஒரு ஜி.பி. தங்கச்சியே பாதியை அடைத்துக்கொண்டிருந்தார்.

“இதைத் தொட மாட்டேன். பெட்டி ரொம்பினா ரொம்பட்டும்.”

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. டிஸ்க் இடம் என்று எதைச் சொல்கிறோம், யாருக்கு எது குப்பை என்று என்னால் சொல்ல முடியுமா? அப்புறம்தான் கூடைக்குப் போனோம். நல்லவேளை, 2009-லிருந்து ஒரு தடவை கூட அவர் கூடையைக் கொட்டியதில்லை. அழித்த மெயில் எல்லாம் அங்கேயே குடியிருந்தது. அதுவும் கணக்கில் சேரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வெல்ல மூட்டையை நடு ஹாலிலிருந்து எடுத்து சமையலறையில் வைத்தால் வீடு காலியாகிவிடுமா? கொட்டச் சொன்னேன். முன்னூறு எம்.பி.க்கு மேல் காலி.

ஆறு இருபதுக்கு அனுப்பினோம். பூதத்திடமிருந்து தகவல் இல்லை. ஆறரைக்குப் போன். “வந்துடுச்சு தம்பி. திண்ணை தெரியுது.”

இந்த இடநெருக்கடி எல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிராயிங்கை 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் போட்டுக் கூரியரில் அனுப்புவோம். மோடம் ‘கீ... கர்ர்ர்’ என்று கத்தி முடித்து, 28.8 வேகத்தில் ஒரு எம்.பி. போக ஐந்து நிமிஷம், டிக்கெட் செலவையும் சேர்த்தால் ஏழு நிமிஷம். நடுவில் யாராவது போனை எடுத்தால் போச்சு, முதலிலிருந்து. சபீர் பாட்டியா 1996-ல் ஆரம்பித்த ஹாட்மெயிலில் மொத்த இடமே 2 எம்.பி. வாரம் ஒரு தடவை அழித்தே ஆக வேண்டும். சுத்தமாக இருந்தோம்!

2004 ஏப்ரல் முதல் தேதி ஜிமெயில் வந்தது. இலவசமாக 1 ஜி.பி. தேதியைப் பார்த்து நிறையப் பேர் முட்டாள்தின ஜோக் என்றே நினைத்தார்கள். இனி எதையும் அழிக்க வேண்டாம் என்றார்கள், நாமும் நம்பினோம். பேச்சுலர் ரூமில் கட்டிலுக்கடியில் எல்லாவற்றையும் தள்ளுகிற மாதிரி இருபது வருஷம் தள்ளினோம். 2013-லிருந்து மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. என்றானது. 2021 ஜூனில் போட்டோவுக்கு இருந்த இலவசச் சலுகையும் போயிற்று. இப்போது ‘இடம் தீர்ந்துவிட்டது, மாதம் இவ்வளவு கட்டு’ என்று சிவப்புக் கோடு காட்டுகிறது. கட்டில் நம்முடையதில்லை என்று அப்போதுதான் தெரிகிறது.

எங்கள் ஊரில் இந்தப் பிரச்னை புதுசும் இல்லை. துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை 1736-லிருந்து டைரி எழுதிய காலத்தில் இங்கிருந்து ஃப்ரான்ஸுக்குக் கடிதம் போக மாதக்கணக்கில் ஆகும். கப்பல் போய்ச் சேருமா என்பதே சந்தேகம் என்பதால் முக்கியமான கடிதத்தை நகலெடுத்து வேறொரு கப்பலிலும் அனுப்புவார்கள். பேக்கப்! செயின்ட் லூயி வீதியில் ஃப்ரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955-ல் ஆரம்பித்தது. அங்கும் ஊரிலுள்ள இன்னொரு ஃப்ரெஞ்சு நிறுவனத்திலும் இருக்கிற பதினோராயிரம் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. சுவடிக்கு ஸ்டோரேஜ் லிமிட் வைத்தது கரையான்.

மறுபடி ஆபீஸுக்கு வருவோம். அன்று ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம். நான்காவதாக ஒரு மெயில் போயிருக்க வேண்டுமே? எஸ்டிமேட்டின் கடைசித் திருத்தத்தைச் சார் தன்னுடைய ஐ.டி.யிலிருந்து தானே அனுப்பியதாக ஞாபகம். சனிக்கிழமை காலை அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன் (பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். மானேஜர் என்று சொன்னேனே). படிக்காத மெயில் 11,400. அதற்குள் முங்கி எழுந்ததில் அகப்பட்டது, பத்து நாளைக்கு முன் வந்த பூதத்தின் கடிதம். 5.2.2, பெட்டி நிரம்பிவிட்டது.

சார் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். டீயைக் குடித்தார். “அந்தப் பையனைப் பத்து மணிக்குள்ள வரச் சொல்லுங்க, வேலை கிடக்கு” என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே ஆபீஸில் கூட்டிப் பெருக்கினோம். பெரிய ஆச்சரியம் இன்பாக்ஸ் இல்லை, சென்ட் ஃபோல்டர். நாம் அனுப்பிய ஒவ்வொரு அட்டாச்மென்டும் அங்கே ஒரு நகலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு 10 எம்.பி. ஃபைலைப் பன்னிரண்டு பேருக்கு ‘தகவலுக்காக’ என்று காப்பி போட்டால் பன்னிரண்டு பெட்டியில் 120 எம்.பி. அதில் படிக்கிறவர் இரண்டு பேர். ரிப்ளை அடித்தால் பெரும்பாலான மெயில்களில் அட்டாச்மென்ட் கழன்றுவிடும், ஃபார்வர்ட் செய்தால் கூடவே தொத்திக்கொண்டு வரும். கையெழுத்துக்குக் கீழே கம்பெனி லோகோவை நான்கு வர்ணத்தில் வைத்திருப்பவர்கள் தனி ரகம். ‘ஓகே’ என்ற இரண்டெழுத்துப் பதிலுக்கு அரை எம்.பி.

ரிப்ளை ஆல் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்டிலேயே நடந்தது. சுமார் 13,000 பேர் இருந்த ஒரு பட்டியலில், ‘என் பெயரை இதிலிருந்து எடுங்கள்’ என்று ஒருவர் எல்லோருக்கும் எழுத, ‘என்னையும்’, ‘என்னையும்’ என்று மற்றவர்கள் எல்லோருக்கும் எழுத, ‘ரிப்ளை ஆல் போடாதீர்கள்!’ என்று சிலர் அதையும் எல்லோருக்கும் எழுத... ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில், 195 ஜி.பி. மெயில் சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனியிலேயே மெயில் படுத்துவிட்டது. உங்கள் ஆபீஸ் ஹெச்.ஆர். பிறந்தநாள் கேக் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய உத்தி ஒன்று: ஜிமெயில் தேடுகிற கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘லார்ஜர்’ என்று அடித்து, ஒரு கோலன் வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று போடுங்கள். 10 எம்.பி.க்கு மேற்பட்ட குண்டர்கள் மட்டும் வரிசையில் வந்து நிற்பார்கள். சின்ன மெயில் ஆயிரம் அழிப்பதை விட இந்தக் குண்டர்களில் இருபது பேரை அனுப்புவது மேல். அனுப்பிய பிறகு கூடையைக் கொட்ட மறக்க வேண்டாம். விட்டால் அங்கே முப்பது நாள் இருக்கும், இடத்தையும் அடைக்கும். ஒரு ஜாக்கிரதை: கணக்கு சம்பந்தப்பட்டதைக் கை வைக்காதீர்கள். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இன்வாய்ஸை அழித்துவிட்டு ஆடிட்டர் முன்னால் நிற்காதீர்கள். ஆபீஸ் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துவிட்டு அப்புறம் மெயிலை அழியுங்கள்.

லிங்க் அனுப்புவது நல்ல வழிதான். ஆனால் நீங்களே அனுமதி கொடுக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ‘திறக்க அனுமதி தேவை’ என்று கஸ்டமரிடமிருந்து வரும். அனுமதியே வேண்டாம் என்று எல்லோருக்கும் திறந்து வைத்தாலோ, அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் உங்கள் டெண்டர் ரேட் ஊருக்கே தெரியும். எங்கள் ஆபீஸில் இப்போது ஒரே பழக்கம்தான்: பெரிய ஃபைல் அனுப்பினால் போனில் ஒரு தடவை கேட்டுவிடுவது. பையன்தான் கேட்கிறான். ‘வந்துச்சா?’ என்று கேட்பதில்லை, ‘திறந்து பார்த்தீங்களா?’ என்று கேட்கிறான். விவரமாகிவிட்டான்.

அந்த வீடு? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சண்டை நடந்ததாம். கடைசியில் ஒரு தம்பி பெரியவர் பக்கம் சாய்ந்தார். முன்பக்கத் தாழ்வாரத்தையும் திண்ணையையும் மட்டும் முதலில் சரி பண்ணுவது, விற்கிற பேச்சை ஒரு வருஷத்துக்கு ஒத்திப்போடுவது என்று முடிவு. திண்ணையில் ஒரு மரத்தூண் இல்லை, எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எப்படி இருந்தது என்று தெரியாமல் ஆசாரி விழித்தார். தங்கச்சி அனுப்பிய போட்டோ ஒன்றில் அது இருக்கிறது என்று பெரியவர் சொன்னார். “அதை அனுப்புங்க ஐயா, பெரிசா இருந்தாலும் பரவாயில்லே” என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“தம்பி, அனுப்பினேன். திரும்பி வந்துடுச்சு. அஞ்சு, ரெண்டு, ரெண்டுன்னு போட்டிருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னார். “உங்க கூடையைக் கொஞ்சம் கொட்டுறீங்களா?”